பாலூற்றும் பணிப்பெண்ணும் நற்காட்சியும்

 

மும்மணிகளை வணங்கி, இத்திங்கள் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணிப்பொறியின் பக்கத்தில் மவுஸ் என்னும் கருவியை நகர்த்துவதற்காக விரிக்கப்படும் மவுஸ் பேட் அது. அடியில் ரப்பர், மேலே துணி, துணியின்மேல் ஒரு படம், அவ்வளவே. தருமம் பேசவேண்டிய ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். பகவன் புத்தர் உழவனுக்கு ஏரைக் காட்டி அறம் உரைத்தார். சோணர் என்னும் பிக்குவுக்கு வீணையின் நரம்பைக் காட்டி உரைத்தார். கைப்பிடி இலைகளும் ஆற்றைக் கடக்கும் தெப்பமும் அவர் திருவாயில் பாடங்களாயின. அவரவர் கையருகே உள்ள பொருளே அவரவர்க்கு முதற்பாடம். இன்று நம் இல்லங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் கணிப்பொறியின் முன்னமர்ந்து உழைக்கின்றனர். ஆதலின் அவர்கள் கைக்குக் கீழே கிடக்கும் விரிப்பும் நமக்குப் பாடமாகலாம்.

நாம் கருதும் விரிப்பில் அச்சிடப்பட்டிருப்பது ஹாலந்து நாட்டு ஓவியம். பரோக் காலம் என்று கலைவரலாற்றார் வழங்கும் 17ஆம் நூற்றாண்டில், டெல்ஃப்ட் நகரத்து யோகன்னஸ் வெர்மீர் என்னும் ஓவியர் 1658ஆம் ஆண்டை ஒட்டிச் சில ஆண்டுகளுக்குள் இதைத் தீட்டினார். மூல ஓவியம் 45.5 செண்டிமீட்டர் உயரமும் 41 செண்டிமீட்டர் அகலமும் உடையது. 1908ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூசியம் அதை விலைக்கு வாங்கியது; இன்றும் அங்கேயே உள்ளது. 'பால்காரப் பெண்' என்று உலகோர் அதை அழைப்பினும், படத்தில் இருப்பவள் பால் விற்பவள் அல்லள். ஒரு வீட்டின் சமையலறைப் பணிப்பெண்.

அவள் மஞ்சள் மேற்சட்டையும் நீல முன்றானையும் அணிந்து, கைச்சட்டையை மேலே சுருட்டிவிட்டு, மண்குடத்திலிருந்து மண்சட்டியில் பால் ஊற்றுகின்றாள். மேசைமீது கூடையில் ரொட்டி. கூடைக்கு வெளியே பிய்த்த ரொட்டித் துண்டுகள். இடப்பக்கத்துச் சன்னலில் ஒரு கண்ணாடி உடைந்துள்ளது. வெள்ளைச் சுவரில் ஓர் ஆணியும், ஆணிகள் பிடுங்கப்பட்ட துளைகளும் தெரிகின்றன. தரையில் குளிர்காலத்தில் பாதங்களைச் சூடாக்கும் கணப்புப் பெட்டி. இவற்றிற்கு மேல் ஒன்றுமில்லை. போர் இல்லை, அரசன் இல்லை, தேவர்கள் மேகத்தினின்று இறங்கவில்லை. ஒரு பெண் பால் ஊற்றுகின்றாள். அப்பாலின் மெல்லிய தாரையை அவள் கண்கள் விட்டகலவில்லை.

இவ்வோவியத்தில் நாம் முதலில் கற்க வேண்டியது நற்கடைப்பிடி. ததாகதர் சதிபட்டான சூத்திரத்தில் பிக்குகளுக்குக் கூறிய பயிற்சியை நினைவுகூர்க. நடக்கும்போதும் நிற்கும்போதும், கையை மடக்கும்போதும் நீட்டும்போதும், உண்ணும்போதும் பருகும்போதும், தான் செய்வதைத் தெளிவாக அறிந்தே செய்க என்றார். தியானத்திற்குக் காடும் குகையும் வேண்டும், உழைத்துண்ணும் மக்களுக்கு அது எட்டாது என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உளர். பால் சிந்தாமல் ஊற்றும் கையும், அதன்மேல் நிலைத்த கண்ணும், வேறெங்கும் ஓடாத மனமும் இருக்குமாயின், அச்சமையலறையே பயிற்சிக்கூடம். கணிப்பொறியில் கணக்கு எழுதுவோர்க்கும் இஃது ஒக்கும். கை ஒருபுறம் நகர, மனம் நூறு புறம் ஓடுவதே நம் அன்றாட நோய்.

இந்த ஓவியத்தைப் பற்றி 2022ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஒரு செய்தி வெளியிட்டனர். புதிய கருவிகளைக் கொண்டு வண்ணத்தின் அடியில் நோக்கியபோது, சுவரில் குடங்கள் மாட்டும் பலகையையும், தரையில் நெருப்புக்கூடை ஒன்றையும் ஓவியர் முதலில் வரையத் தொடங்கிப் பின்னர் மறைத்துவிட்டார் என்பது புலனாயிற்று. வேண்டாதவற்றை நீக்கிய பின்னரே வெறுஞ்சுவரின் முன் அவள் நிறைவாகத் தோன்றினாள். மனத்திலும் இவ்வாறே. ஒருவரை உள்ளவாறு காண வேண்டுமாயின், அவரைச் சுற்றி நாம் மாட்டிவைத்த பொருள்களை முதலில் இறக்கிவைத்தல் வேண்டும். இதுவே இன்றைய உரையின் நடுப்பொருள்.

உள்ளவாறு காண்டல் எளிதன்று. அதற்கும் இவ்வோவியமே சான்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் ரைக்ஸ் மியூசியத்தார் தங்கள் ஓவியத்தின் நகல்கள் இணையத்தில் எத்தனை உலவுகின்றன என்று நோக்கினர். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை தரம் குன்றி, மஞ்சள் பூத்து, நிறம் திரிந்தவை. அவற்றையே பார்த்துப் பழகிய மக்கள், அருங்காட்சியகக் கடையில் மூலத்தின் நிறத்தோடு ஒத்து அச்சிட்ட அஞ்சலட்டையைக் கண்டு, இது மெய்யான நிறம் அன்று என்று ஐயுற்றனராம். நகல் உண்மையாயிற்று, உண்மை பொய்யாயிற்று. அதன் பின்னரே, மெய்யான நிறத்தில் எடுத்த படத்தை யாவரும் தடையின்றிப் பெறுமாறு அருங்காட்சியகத்தார் வெளியிட்டனர். இந்நிகழ்ச்சி 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அறிக்கையில் பதிவாகி, 'மஞ்சள் பால்காரப் பெண்' என்று பலராலும் பேசப்பட்டது.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியை ஓர் ஓவியத்தின் கதையாக மட்டும் நாம் கேட்டுவிடலாகாது. நம் நாட்டில் மனிதனைக் குறித்து வரையப்பட்ட மஞ்சள் நகல் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலவிவருகின்றது. அதற்குப் பெயர் சாதி. பால் ஊற்றுபவளைக் காணும்முன் அவள் குலத்தைக் காண்கின்றனர். தெருவைக் கூட்டுபவனைக் காணும்முன் அவன் பிறப்பைக் காண்கின்றனர். நகலைப் பார்த்துப் பழகிய கண், மெய்யான மனிதன் எதிரே வந்து நின்றால், இவன் இவ்வாறு இருக்கலாகாதே என்று ஐயுறுகின்றது. அவன் கல்வி கற்றால் வியப்பு. நிமிர்ந்து நின்றால் சினம். நிறம் திரிந்திருப்பது மனிதனிடத்தில் அன்று, காண்போர் கையிலுள்ள நகலில்.

இதனைப் பகவன் வாசெட்ட சூத்திரத்தில் தெளிவுற விளக்கினார். புல்லிலும் மரத்திலும், பூச்சியிலும் பறவையிலும், மீனிலும் விலங்கிலும் இனத்தைக் காட்டும் அடையாளங்கள் உடலிலேயே உள்ளன. மனிதரிடத்தில் அத்தகைய பிறவி அடையாளம் இல்லை. உழுபவன் உழவன் எனவும், வாணிகம் செய்பவன் வணிகன் எனவும் பெயர் பெறுவது செயலால். அப்பெயர் வழக்கே அன்றிப் பிறவிக்குறி அன்று. 'வந்து காண்க' என்று அழைக்கும் அறம் நம்முடையது. ஒருவர் சொன்ன நகலைக் கொள்ளாமல் மூலத்தைக் காண்பதே நற்காட்சி. எண்வகை நெறியில் அது முதலில் நிற்பதன் காரணமும் இதுவே.

பாலையும் பணிப்பெண்ணையும் பேசுங்கால், உருவேலையில் நிகழ்ந்ததை நாம் மறத்தல் இயலாது. போதிசத்துவர்க்குப் பாற்சோறு அளித்த சுஜாதையின் பெயரைப் பௌத்த உலகம் முழுதும் அறியும். ஆயினும் அன்று போதிசத்துவரை முதலில் கண்டவள் சுஜாதை அல்லள். ஆலமரத்தடியைப் பெருக்கித் தூய்மை செய்து வருமாறு அவள் அனுப்பிய பணிப்பெண் புண்ணை என்பவளே முதலில் கண்டவள். மரத்தடியில் அமைதியாக வீற்றிருந்தாரைக் கண்டு, மரத்துறை தெய்வமே இறங்கி வந்ததெனக் கருதி, ஓடிச்சென்று தலைவியிடம் உரைத்தாள். அவள் கண் தெளிவாக இராவிடில், பாற்சோறு யாருடைய கையில் சேர்ந்திருக்கும்? செய்தியைக் கேட்ட சுஜாதை மகிழ்ந்து, இன்று முதல் நீ எனக்கு மூத்த மகளாக இரு என்று கூறி, மகளுக்கு உரிய அணிகளை அவளுக்குப் பூட்டினாள் என்று ஜாதகங்களின் முன்னுரை உரைக்கின்றது.

இதில் இரு செய்திகளை நாம் கருத்தில் இருத்த வேண்டும். ஒன்று, துடைப்பம் ஏந்திய கைக்கு உரியவள் ததாகதராகப் போகின்றவரைக் காணும் பேறு பெற்றாள். மற்றொன்று, தலைவி அவளைப் புகழ்ந்ததோடு நில்லாமல் அவள் நிலையை மாற்றினாள். பணிப்பெண் மகளாயினாள். புகழ்ச்சி வேறு, நிலைமாற்றம் வேறு என்பதை இங்கு நன்கு உணர்தல் வேண்டும்.

ஏனெனில் உழைப்பை அழகாகப் புகழ்வதும், உழைப்போரை வதைப்பதும் ஒரே காலத்தில், ஒரே நாட்டாரால் நடைபெறக்கூடும். வெர்மீர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரம், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைச்சபைகளுள் ஒன்றுக்கு இருப்பிடம். அக்கம்பெனி 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது. அக்காலத்தில் தஞ்சை நாட்டில் படையெடுப்பும் பஞ்சமும் மக்களை வாட்டின. 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் அக்கம்பெனியார் 8,000 முதல் 10,000 பேரை அடிமைகளாக வாங்கினர் என்று வரலாற்றாய்வாளர் கணக்கிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பட்டேவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர்.

அந்நாகப்பட்டினம் யாது? 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரை விளங்கிய ஊர். பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 1867ஆம் ஆண்டில் இடிக்கப்படும் வரை அக்கடற்கரையில் நின்றது. கடலோடிகளுக்கு அது வழிகாட்டும் அடையாளமாக இருந்தது. அக்கோபுரம் நின்ற கரையினின்றே தமிழ் மக்கள் விலைப்பொருள்களாகக் கப்பலேற்றப்பட்டனர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே நாட்டின் அமைதியான அறையொன்றில், பால் ஊற்றும் பெண்ணின் ஓவியம் உருவாகிக்கொண்டிருந்தது.

ஓவியர்மீது பழி சுமத்துவது நம் நோக்கம் அன்று. அவர் ஒரு பணிப்பெண்ணைச் சிறுமை செய்யாது கண்ணியத்தோடு கண்டார்; அது நன்று. ஆயினும் ஒருத்தியைக் கண்ணியத்தோடு கண்ட நாடு, ஆயிரக்கணக்கானோரைக் கணக்கேட்டின் எண்களாக மட்டும் கண்டது. கண்ணுக்கு அருகில் இருப்பவர்க்குக் கருணை, கடலுக்கு அப்பால் இருப்பவர்க்கு விலங்கு என்பது அறமாகாது. உபாசகர் செய்யலாகாத வாணிபங்கள் ஐந்து என்று பகவன் வகுத்தார்: ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு. இரண்டாவதாகக் கூறிய உயிர் வாணிபத்தை, மனிதரை விற்றல் என்றே பழைய உரையாசிரியர் விளக்கினர்.

ஓவியத்தின் நீல முன்றானையை மீண்டும் நோக்குக. அந்நீலம் லாபிஸ் லசூலி என்னும் கல்லைப் பொடித்துச் செய்த வண்ணம். அக்கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுக்கப்பட்டு, நெடுந்தூரம் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. மேசைமேல் உள்ள ரொட்டியை நோக்குக. அதற்குப் பின்னே உழுதவரும் அரைத்தவரும் சுட்டவரும் உளர். ஓவியரே ரொட்டிக்குக் கடன்பட்டவர். 1675ஆம் ஆண்டின் இறுதியில் அவர் 43 வயதில் இறந்தபோது, மனைவியும் 11 பிள்ளைகளும் கடனில் விடப்பட்டனர். ரொட்டிக்கடைக்காரருக்குச் செலுத்த வேண்டிய 600 கில்டருக்கு மேற்பட்ட கடனுக்காக, அவர் மனைவி இரண்டு ஓவியங்களை ஈடாகக் கொடுத்தார். 1696ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலத்தில் பால் ஊற்றும் பெண்ணின் ஓவியம் 175 கில்டருக்கு விலைபோயிற்று. படத்தில் நின்ற பெண்ணின் பெயரோ எவ்வேட்டிலும் எழுதப்படவில்லை.

இது இருப்பதால் அது உண்டாகின்றது என்பதே சார்பில் தோற்றம் என்னும் நம் தத்துவம். ஒரு மவுஸ் பேட்டின் பின்னே பணிப்பெண்ணும், ரொட்டி சுட்டவரும், நீலக்கல் வெட்டியவரும், ரப்பர் வார்த்தவரும், படத்தை அச்சிட்டவரும் நிரையாக நிற்கின்றனர். தனித்து நிற்பது ஒன்றுமில்லை. இந்நிரையை மனத்தால் காணப் பழகியவன், தன் உழைப்பால் மட்டுமே தான் வாழ்வதாகச் செருக்கடையான்.

இனி, பணியாளர்க்குச் செய்யவேண்டியது யாது? இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தான் காலைதோறும் ஆறு திசைகளையும் வணங்கிவந்தான். பகவன் அவனுக்கு அத்திசைகளின் பொருளை விளக்கினார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளரும் தொழிலாளரும், மேல்திசை துறவியர். கீழ்த்திசையும் வணங்கத்தக்க திசையென்று கொண்டதை அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். வணக்கம் என்றால் கைகூப்புதல் அன்று, கடமை ஆற்றுதல். ஐந்து கடமைகளை அவர் எண்ணிக் கூறினார். வலிமைக்கு ஏற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அரிய உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல். அங்ஙனம் பேணப்பட்ட பணியாளரும் களவின்றி, திருத்தமாகத் தம் தொழிலைச் செய்யவேண்டும் என்று மறுபுறக் கடமையையும் வகுத்தார்.

2011ஆம் ஆண்டில் உலகத் தொழில் அமைப்பு வீட்டுப் பணியாளர்க்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமேனும் அவர்க்கு ஓய்வு வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் சிகாலனுக்குக் கூறிய ஐந்தாம் கடமையை உலகம் இப்போதுதான் சட்டமாக எழுதத் தொடங்கியுள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தொழில் தெய்வீகமானது, அவரவர் குலத்தொழிலை மனமுவந்து செய்க என்று நமக்கு இனிமையாக உபதேசிப்போர் உளர். அப்புகழ்ச்சி தாலாட்டுப் போன்றது, உறங்கச் செய்யும். சாதி என்பது வேலையைப் பங்கிடுவதோடு நில்லாமல் வேலை செய்வோரையே படிப்படியாகப் பிரித்து வைக்கின்றது என்று 1936ஆம் ஆண்டிலேயே டாக்டர் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலையில் எவரையும் அமர்த்தலாகாது என்று 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அதன் பின்னரும் கழிவுநீர்க் குழியில் இறங்கி மூச்சு முட்டி மாண்டோர் பலர். அக்குழியை அழகிய ஓவியமாகத் தீட்டி எவரும் மேசைமீது விரித்துக்கொள்வதில்லை. பால் ஊற்றும் தொழிலைப் போற்றுவோம். மனிதனைக் கொல்லும் தொழிலைப் போற்றோம், ஒழிப்போம். நல்வாழ்க்கை என்னும் அங்கம், நம் வருவாய் பிறர் துன்பத்தினின்று வாராதிருத்தலையும் குறிக்கும் என்று கொள்ளுதல் தகும்.

சகோதரிகளே! உங்களுள் பலர் பிறர் இல்லங்களில் அடுப்பு மூட்டி, பாத்திரம் துலக்கி, அவ்வருவாயில் பிள்ளைகளைக் கற்பித்தீர்கள். உங்கள் கை செய்த தொழில் இழிவன்று. அதை இழிவென்று காட்டிய நகலே பொய். பிள்ளைகளே! நீங்கள் இன்று குளிர்ந்த அறையில் அமர்ந்து உழைக்கின்றீர்கள். உங்கள் மேசையைத் துடைக்க வருபவளின் பெயரை அறிவீர்களா? அறியாவிடில் நாளையே கேட்டறியுங்கள். அவளை ஒருமையில் ஏவாதீர்கள். அவள் ஊதியம் காலத்தில் கிடைக்கின்றதா, நோயுற்ற நாளில் விடுப்பு உண்டா என்று வினவி, இல்லையேல் அவள் பொருட்டுப் பேசுங்கள். நம் இல்லத்திலேயே தாய் மட்டும் பாலூற்ற, ஏனையோர் குடிக்கக் காத்திருக்கும் வழக்கம் இருக்குமாயின், அதையும் மாற்றுங்கள். ஆடவர் கையிலும் பால் சிந்தாமல் ஊற்றக்கூடும்.

உபோசத நாளில் பஞ்சசீலம் ஏற்கும்போது, கீழ்த்திசையை நோக்கி ஒரு கணம் மனத்தை நிறுத்துவோமாக. நம் உணவும் உடையும் நம் கையருகே உள்ள சிறு விரிப்பும் எவரெவர் உழைப்பால் வந்தனவோ, அவரனைவரையும் மைத்திரியோடு நினைவோமாக. நினைந்த பின் எழுந்து, அவர்க்கு உரிய கடமையை ஆற்றுவோமாக. பெயரறியப்படாத எல்லாப் பணியாளரும் அச்சமின்றி, பசியின்றி, இழிவின்றி வாழ்வாராக. புண்ணைக்கு வாய்த்த தெளிந்த கண் நம் எல்லோர்க்கும் வாய்ப்பதாக.

சாது! சாது! சாது!